கிட்டிய பாதை

கோவை இலக்கம் தொலைந்துவிட்டது,
கோவை தொலையவில்லை.
கச்சேரியின் பழைய அறையில்
கறையான் மருந்து மணத்தோடு
நாடா கட்டிக் கிடந்தது.
இரண்டாயிரத்து ஆறு, கார்த்திகை மாதத்துக் கோரிக்கை.
பெயர்: சி. குணபாலசிங்கம்.
பதவி: தொழினுட்ப உத்தியோகத்தர், நீர்ப்பாசனம்.
நோக்கம்: வவுனியாவில் குளக்கட்டு மதிப்பீட்டுக் கூட்டம்.
பயணித்த முறை: பலாலியிலிருந்து இரத்மலானைக்கு விமானம்,
கோட்டையிலிருந்து வவுனியாவுக்கு ரயில்.

ஓரத்தில் கணக்காய்வின் கேள்வி:
யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா
நூற்று நாற்பது கிலோமீற்றர்.
உத்தியோகத்தர் ஐந்நூற்றைம்பதுக்கு மேல் சுற்றியிருக்கிறார்.
கிட்டிய பாதையைப் பயன்படுத்தாமைக்குக் காரணம் தருக.

கேட்டவ சின்னப் பிள்ளை.
ஒருமுறை டெலிபோனில் கதைத்திருக்கிறேன், நல்ல குரல்.
கேள்வியிலும் பிழையில்லை.
விதி அப்படித்தான்:
குறைந்த செலவு, கிட்டிய வழி,
ஆகாயத்தால் போவதென்றால் முன்னனுமதி.

காரணத்துக்கென்று படிவத்தில் ஒரு கோடு,
என் சுண்டுவிரல் நீளம்.
அதற்குள் அடக்கி எழுதினேன்:
அக்காலத்தில் பாதை மூடப்பட்டிருந்தது.

பத்தாம் நாள் பதில்:
பாதை மூடப்பட்டிருந்தமைக்கான சான்றை இணைக்குக.

பாதையை மூடுகிறவன்
பற்றுச்சீட்டா எழுதிக் கொடுப்பான்?

ஆளைக் கூப்பிட்டேன்.
கோண்டாவிலிலிருந்து சைக்கிளில் வந்தார்,
காற்சட்டையில் கிளிப்.
மருந்துக்கடைப் பையிலிருந்து ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார்.
டிக்கெட்டின் அடிக்கட்டை: பெயர் அழிந்துவிட்டது,
தொகை அழியவில்லை.
பிரயாண அனுமதிச் சீட்டு: நாலாய் மடித்த இடமெல்லாம் ஓட்டை.
கூடுதல் பொதிக்குக் கட்டிய காசுத் துண்டு.

'அது லெவல் மெஷின், தங்கச்சி.
பலாலியிலை கழட்டிக் கழட்டிப் பாத்தாங்கள்.
திருப்பிப் பூட்டினது நான்தான்.
பிறகு ஒருநாளும் குமிழி
நடுவுக்கு வரேல்லை.'

இணைப்பு ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கமிட்டேன்.
காசு கிடைக்கும், ஐயா, கொஞ்சம் செல்லும் என்றேன்.

'காசை விடுங்கோ.
கூட்டம் மூண்டு நாள்.
திரும்பி வரப் பிளேனிலை இடமில்லை.
வெள்ளவத்தை லொட்ஜிலை, ஒரு கட்டிலை ரெண்டு பேராய்ப் பிரிச்சு
இருபது நாள் கிடந்தன்.
ஒவ்வொரு விடியவும் போய் லிஸ்டிலை பேர் பாக்கிறது.
வந்து பாத்தால்
அந்த இருபதையும் என்ரை லீவிலை கழிச்சுப் போட்டாங்கள்.
அதைத் திருப்பித் தரேலுமோ?'

அவர் ஓய்வுபெற்று ஒன்பது வருடம்.
ஓய்வுபெற்றவருக்கு லீவு கொடுக்கும் விதி
தாபனக் கோவையில் இல்லை.
தெரிந்தும் தேடினேன்,
பின்னிணைப்புகள் வரை.

போன கிழமை எனக்கு வவுனியாவில் பயிற்சி.
ஆனையிறவில் கண்ணயர்ந்து
மாங்குளத்தில் முழித்தேன்.
முன்சீட்டுப் பொடியன் வழிநீளக் கச்சான் கோது போட்டான்.
மூன்று மணித்தியாலம்.
சாதாரண பஸ் கட்டணம், பற்றுச்சீட்டுத் தேவையில்லை.
காரணக் கோட்டை வெறுமையாக விட்டேன்.
ஒருவரும் கேட்கவில்லை.

இன்று நாலரைக்கு, கோவையை மூட முன்னம்
மேல்மாடிப் பதிவேட்டு அறைக்கு ஏறினேன்.
ஒரு பக்கம் போட்டோக் கொப்பி எடுத்து
உண்மைப் பிரதி என்று முத்திரை குத்தி
மூலையில் எழுதினேன்: இணைப்பு நான்கு,
பாதை மூடப்பட்டிருந்தமைக்கான சான்று.

அவருடைய லீவுப் பதிவு.
கார்த்திகையில் தொடங்கி மார்கழிக்குள் போகிற
இருபது பெட்டிகள்,
இருபது புள்ளடி,
இடையில் ஒன்றும் விடாமல்.